மற்போரும் ஆசானும்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

கொல்லிமலை என்றதும் நினைவுக்கு வருபவன் வல்வில் ஓரி. ஆடித் திங்களில் எங்கள் மலையில் நடைபெறும் ஓரி விழாவையும் அதில் இடம்பெறும் வில்வித்தைப் போட்டியையும் நண்பர்கள் பலர் கண்டிருப்பீர்கள். வில்லைப் போலவே சங்கத் தமிழர் போற்றிய மற்றொரு கலை மற்போர். நம் கல்லூரி ஆடுகளத்தில் அதற்கு இன்னும் இடமில்லை. எனவே அதைப் பற்றிச் சில கூற விழைகிறேன்.

புலவர் காட்டும் பிடி

உறையூர் வேந்தன் தித்தனின் மகன் போர்வைக்கோப் பெருநற்கிள்ளி. தந்தையோடு பகைத்துப் பிரிந்திருந்த அவன், ஆமூர் மல்லனோடு பொருது வென்றான். புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார் அப்போரைக் காட்டுகிறார். கிள்ளியின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மறு கால் அவனுடைய சூழ்ச்சியைத் தடுத்துப் பின்னே நிற்கிறது. வெறும் உடல் வலிமையை மட்டும் புலவர் பாடவில்லை. எந்தக் கால் எங்கே நின்றது என்று பாடம் சொல்கிறார். அத்துடன், மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் தித்தன் இதைக் காணட்டும் என்கிறார். வென்றவனுக்கும் ஒரு குறை உண்டு. காண வேண்டியவர் காணவில்லை என்பதே அது.

ஹெல்சிங்கியில் கிடைத்த வெண்கலம்

இக்காலத்துச் சான்று கசாபா தாதாசாகேப் ஜாதவ். மகாராட்டிர மாநிலம் கராடு அருகிலுள்ள கோலேஷ்வர் என்ற சிற்றூரில் 1926இல் பிறந்தவர்; கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் பயின்றவர். மண் கோதாவில் பழகிய அவர் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் மெத்தை மீது பொருது ஆறாம் இடம் பெற்றார். மண்ணில் கால் புதைந்து நிற்கும். மெத்தையில் கால் விரைந்து பெயர வேண்டும். பழக்கமே வேறு.

1952இல் ஹெல்சிங்கி செல்லப் பணமில்லை. அக்கல்லூரி முதல்வராயிருந்த கர்டேகர் தம் வீட்டை அடகு வைத்து 7000 ரூபாய் தந்தார். ஜாதவ் வெண்கலத்துடன் திரும்பினார். விடுதலை பெற்ற இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே.

அங்கும் ஒரு குறை நேர்ந்தது. ஜப்பானின் இஷியோடு நெடுநேரம் பொருத பின், போதிய ஓய்வின்றிச் சோவியத் வீரரோடு மோத நேர்ந்தது. ஓய்வு கேட்டு வாதாட இந்திய அதிகாரி எவரும் அருகில் இல்லை என்பர். மற்போரில் இந்தியாவின் அடுத்த ஒலிம்பிக் பதக்கம் சுசில் குமார் வழியாக 2008இல்தான் வந்தது. இடையில் கழிந்தவை 56 ஆண்டுகள்!

இன்றைய விதிகள்

போட்டி மூன்று நிமிடங்கள் கொண்ட இரு சுற்றுகள்; இடையே 30 வினாடி ஓய்வு. எதிரியை நிலத்தில் வீழ்த்திப் பிடிக்குள் கொணர்ந்தால் 2 புள்ளி. வட்டத்துக்கு வெளியே தள்ளினால் 1. இரு தோள்களும் மெத்தையில் படியும்படி அழுத்திவிட்டால் ஆட்டம் அத்துடன் முடியும். எடைப் பிரிவு இருப்பதால் சிற்றுடல் படைத்தோரும் அஞ்ச வேண்டியதில்லை. மாணவியரும் ஒதுங்க வேண்டியதில்லை. 2016இல் ரியோவில் சாக்சி மாலிக் வெண்கலம் வென்றதை நாடறியும்.

நமக்கு வேண்டுவது

எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, மிளகு மூட்டையும் பலாப்பழமும் சுமந்து ஏற்றமும் இறக்கமும் நடந்து பழகிய கால்கள் எம் மலை மாணவருடையவை. வலிமைக்குக் குறைவில்லை. ஆனால் சுமை தூக்கும் வலிமை வேறு, பிடி அறிந்த வலிமை வேறு. முன்னது வாழ்க்கை தருவது. பின்னது ஆசான் தருவது. பயிற்றுநர் இல்லாத இடத்தில் கழுத்தும் முழங்காலும் கெடுமேயன்றிக் கலை வளராது.

பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிகளில் மற்போரும் ஒன்று. ஆகவே பேராசிரியப் பெருமக்களுக்கும் உடற்கல்வி இயக்குநருக்கும் என் பணிவான வேண்டுகோள்: வீட்டை அடகு வைக்க வேண்டா, மெத்தை ஒன்றும், வாரம் இரு மாலை பயிற்றுநர் ஒருவரும் போதும். நண்பர்களே, நீங்கள் பெயர் கொடுங்கள். நம் அணி பொருதும் நாளில் ஆசிரியர்கள் வந்து காணட்டும். தித்தன் காணாது விட்டதை நம் பெரியோர் காணாது விடலாகாது.