இறைச்சிக் கழிவும் காட்டுப்பன்றியும்
(விவசாயக் குழுக்களுக்கான பாடம்)

இடம்பெயர்ந்து வந்து காட்டோரக் காணியில் மீண்டும் வாழ்வைத் தொடங்கியுள்ள குடும்பங்களிடமிருந்து நாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. மரவள்ளியும் வத்தாளையும் கிழங்கு வைக்கும் வேளையில் காட்டுப்பன்றி ஒரே இரவில் கிண்டிப் போட்டு விடுகிறது என்பதே அது. நிலையான வருமானம் உள்ளவனுக்கு இது ஒரு நட்டம். நிவாரணம் நின்றுபோன குடும்பத்துக்கோ அடுத்த மூன்று மாத உணவே போய்விடுகிறது.

இப்பாடத்தில் பன்றியை விரட்டும் வழிகளைப் பற்றி நாம் பேசப்போவதில்லை. பன்றியை நாமே அழைத்து வரும் ஒரு வழியை எப்படி அடைப்பது என்பதையே ஆராய்வோம்.

1. நிலைமையை நோக்குவோம்

கண்டியைச் சூழ்ந்த மலைகளில் காடும் குடியிருப்பும் அருகருகே உள்ளன. நகரின் நடுவில் இருக்கும் உடவத்தைக்கலை 1938ஆம் ஆண்டு முதல் சரணாலயமாக உள்ளது. அங்கேயே காட்டுப்பன்றியும் கேளையாடும் வாழ்கின்றன. கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரில் மரையும் உண்டு. 1980களில் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்காகப் பழைய தெல்தெனிய நகரம் நீரில் மூழ்கியபோது பல குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் இன்னும் பலரை வீடிழக்கச் செய்தன. இவ்வாறு இடம்பெயர்வோருக்குப் பெரும்பாலும் கிடைப்பது காட்டோர நிலமே.

இத்தகைய இடங்களில் இறைச்சிக் கழிவு பல வழிகளில் சேர்கிறது. கள்ள வேட்டைக்காரர் மானையோ மரையையோ கொன்று, இறைச்சியை எடுத்துக்கொண்டு குடல், தலை, தோல் ஆகியவற்றை ஓடையோரத்தில் விட்டுச் செல்கின்றனர். கண்ணியில் சிக்கியும், நாய்களால் கடிபட்டும், வாகனத்தில் அடிபட்டும் விலங்குகள் இறக்கின்றன. பண்டிகைக் காலத்தில் நாம் அறுக்கும் ஆடு, கோழி ஆகியவற்றின் கழிவும் பற்றைக்குள் எறியப்படுகிறது.

2. காரணத்தை ஆராய்வோம்

காட்டுப்பன்றி கிழங்கு, பழம், மண்புழு, புழுப்பூச்சி மட்டுமன்றிச் செத்த பிராணியின் உடலையும் தின்னும். அதன் மோப்ப சக்தி மிகக் கூர்மையானது. மண்ணுக்கடியில் இருப்பதையும் மணத்தால் அறிந்து மூக்கினால் கிண்டி எடுக்கும். உணவு கிடைத்த இடத்தை மறவாமல் மீண்டும் வரும். பெண்பன்றிகள் குட்டிகளோடு கூட்டமாகத் திரிவதால் தாய் கண்ட வழியைக் குட்டிகளும் கற்றுக்கொள்கின்றன. ஒரு மானின் குடல் ஓரிரு இரவில் தீர்ந்துவிடும். ஆனால் அதைத் தேடி வந்த பன்றிக் கூட்டம் பக்கத்திலுள்ள மரவள்ளிப் பாத்தியையும் கண்டுகொள்ளும்.

இரண்டாவது கேடு நோய். ஆடு மாடுகளின் பச்சை ஈரலையும் நுரையீரலையும் தின்னும் நாய்க்கு ஒருவகை நாடாப்புழு தொற்றக்கூடும். அதன் முட்டைகள் நாயின் மலத்தின் வழியாக நம் பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் சென்றால், ஈரலில் நீர்க்கட்டிகள் உண்டாகும். ஓடையில் எறிந்த கழிவு, கீழே பீலித் தண்ணீர் பிடிப்பவரின் குடத்துக்கு வந்து சேரும். எமது மலையோடைகள் மகாவலியில் கலக்கின்றன. கண்டி நகரமும் அந்த ஆற்று நீரையே சுத்திகரித்துக் குடிக்கிறது.

மூன்றாவது, ஆபிரிக்கப் பன்றிக் காய்ச்சல். இந்நோய் இலங்கையில் 2024 ஒக்டோபரில் உறுதிசெய்யப்பட்டது. இது மனிதருக்குத் தொற்றாது. மானுக்கும் ஆட்டுக்கும் வராது. ஆனால் வளர்ப்புப் பன்றியையும் காட்டுப்பன்றியையும் கொல்லும். இதற்கு மருந்து இல்லை. செத்த பன்றியின் உடலிலும் சமைக்காத இறைச்சியிலும் கிருமி நெடுநாள் உயிரோடிருக்கும். எனவே ஒருவர் செத்த பன்றியைக் காட்டில் எறிந்தால் காட்டுப்பன்றி அதைத் தின்று நோயைப் பெறும். அது மற்றொருவரின் பன்றிக்கூட்டுக்கு நோயைக் கொண்டு செல்லக்கூடும். செக் நாட்டில் 2017இலும் பெல்ஜியத்தில் 2018இலும் இந்நோய் காட்டுப்பன்றிகளிடையே தோன்றியது. காட்டைச் சுற்றி வேலியிட்டு, செத்த பன்றிகளைத் தேடி அகற்றியது அந்நாடுகள் நோயிலிருந்து விடுபட்ட முக்கிய வழிகளுள் ஒன்று. பிணத்தை முறையாக அகற்றுவது எவ்வளவு பயனுள்ளது என்பதை இது காட்டுகிறது.

3. சட்டம் சொல்வது

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி மானும் மரையும் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். ஆகவே, “இந்தக் குடலையும் தோலையும் புதைத்துவிடு, கூலி தருகிறேன்” என்று யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். இறைச்சியை நகரத்தில் நல்ல விலைக்கு வாங்கியவர் அகப்படமாட்டார். தடயத்தோடு அகப்படுபவர், சட்டத்தரணி வைக்க வசதியற்ற ஏழையே. செத்த மானையோ அதன் எச்சத்தையோ கண்டால் தொடாமல் கிராம உத்தியோகத்தருக்கோ, வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கோ அறிவியுங்கள்.

பன்றியைப் பிடிக்கக் கம்பிக் கண்ணி வைப்பதும், உணவுக்குள் மறைத்த வாய்வெடி வைப்பதும் தீர்வல்ல. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் கண்ணியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை மீட்கப்பட்ட பின்னும் இறந்துபோனது. கண்ணியும் வெடியும் பன்றியைத் தெரிந்தெடுப்பதில்லை. நாளை அங்கே விறகு பொறுக்கச் செல்வது நம் பிள்ளையாகவும் இருக்கலாம்.

4. செயலில் இறங்குவோம்

நாம் அறுக்கும் ஆடு, கோழி ஆகியவற்றின் கழிவைப் பின்வருமாறு புதைக்கலாம்:

அ) கிணறு, பீலி, ஓடை ஆகியவற்றிலிருந்து குறைந்தது 50 மீற்றர் தள்ளி, அவற்றுக்குக் கீழ்ப்புறமாக இடம் தெரிவு செய்யுங்கள்.

ஆ) செங்குத்துச் சரிவிலும், நிலம் வெடித்த இடத்திலும், மண்சரிவு அபாயம் எனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் குறித்த இடத்திலும் கிடங்கு வெட்ட வேண்டாம். கிடங்கில் தேங்கும் மழைநீர் மண்ணை மேலும் தளர்த்தும்.

இ) நான்கடி ஆழம் வெட்டுங்கள். அடியில் தண்ணீர் ஊறினால் அந்த இடம் ஆகாது. கழிவு ஓரடிக்கு மேல் நிற்கக் கூடாது. அதன்மேல் மூன்றடி மண்ணை இட்டு, ஓரடிக்கு ஒருமுறை மிதித்து இறுக்குங்கள்.

ஈ) மேலே பெரிய கற்களை நெருக்கமாக அடுக்கி, முட்கிளைகளால் மூடுங்கள். பன்றியைத் தடுப்பதில் ஆழமும் கல்லும் சேர்ந்தே பயன் தரும்.

உ) கழிவைப் பொலித்தீன் பையோடு புதைக்க வேண்டாம், உள்ளே உக்காமல் நாறும். சுண்ணாம்பு கொட்டினால் விரைவில் உக்கும் என்பது தவறான எண்ணம். அது உக்குவதைத் தாமதப்படுத்தும்.

ஊ) கையில் காயம் இருந்தால் வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் சவர்க்காரமிட்டுக் கைகழுவுங்கள்.

பாறை நிலமாயின் கோழிக் கழிவை மரத்தூளில் உக்கவைக்கலாம். இரண்டடி உயரத்துக்கு மரத்தூளைப் பரப்பி, நடுவில் கழிவை வைத்து, மேலும் பக்கங்களிலும் இரண்டடி மரத்தூளால் மூடி, சுற்றிலும் உறுதியான கம்பிவலை அடியுங்கள். மேலே தகரம் போட்டு மழையைத் தடுங்கள். ஆறு மாதத்தின் பின் அதை மரங்களுக்கு இடலாம். மரக்கறிப் பாத்திக்கு இட வேண்டாம்.

நோயால் இறந்த பிராணிக்கு மேற்சொன்ன முறைகளைச் சுயமாகக் கையாளாதீர்கள். திடீரென இறந்து, மூக்கிலோ வாயிலோ உறையாத கறுத்த இரத்தம் வடியும் மாட்டையும் ஆட்டையும் வெட்டவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம். அதன் கிருமி மண்ணில் பல்லாண்டு கிடக்கும். பன்றிகள் அடுத்தடுத்து இறந்தால் விற்காமல், தின்னாமல், ஆற்றில் எறியாமல் உடனே அரச கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். ஹோட்டல் எச்சிலைப் பன்றிக்குக் கொடுக்காமலிருப்பதே நல்லது. வேறு வழியில்லையெனில் அரை மணி நேரம் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள்.

ஒரு வீடு மட்டும் ஒழுங்காக இருந்து பயனில்லை. பத்து வீடுகளில் ஒன்பது கழிவைப் புதைத்து ஒன்று பற்றைக்குள் எறிந்தாலும் பன்றி பத்துத் தோட்டத்துக்கும் வரும். அதனால் இது குழுவாகச் செய்ய வேண்டிய வேலை. இதனால் மட்டும் பன்றி வராமல் போய்விடும் என்று நாம் சொல்லவில்லை. வேலியும் இரவுக் காவலும் தொடர்ந்து தேவை. ஆனால் பன்றிக்கு விருந்து வைத்துக்கொண்டே காவலிருப்பது வீண் உழைப்பு.

குழுவில் கலந்துரையாட:

1. கடந்த பண்டிகையில் எமது குடியிருப்பில் அறுத்தவற்றின் கழிவு எங்கே போயிற்று?
2. பொதுக் கிடங்குக்கு ஏற்ற, அபாயமற்ற இடம் எது? யாருடைய அனுமதி வேண்டும்?
3. வேட்டைக் கழிவைப் புதைக்கக் கூலிக்கு அழைக்கப்படும் இளைஞருக்கு வேறு என்ன வேலையை நாம் காட்டலாம்?

அடுத்த கூட்டத்துக்கு முன் நால்வர் சேர்ந்து குடியிருப்பைச் சுற்றி நடந்து, கழிவு கிடக்கும் இடங்களையும் பன்றி கிண்டிய இடங்களையும் ஒரே தாளில் குறித்து வாருங்கள். இரண்டும் எவ்வளவு அருகில் உள்ளன என்பதைப் பார்த்த பின் கிடங்கு எங்கே என்று முடிவு செய்யுங்கள்.