மேலா, கீழா, பக்கமா? – கூட்டாட்சி பற்றி ஒரு விளக்கம்



காலாண்டுத் தேர்வில் குடிமையியல் பகுதியில், "கூட்டாட்சி என்றால் என்ன?" என்று இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று வந்தது. "மத்திய அரசின் கீழ் மாநில அரசுகள் இருந்து, அது கொடுக்கும் வேலைகளைச் செய்வது கூட்டாட்சி" என்று எழுதினேன். விடைத்தாள் திரும்பி வந்தபோது, 'கீழ்' என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம். பக்கத்தில் ஒரு பூஜ்யம்! "அந்தச் சொல் ஏன் தவறு என்று நீயே படித்து ஆண்டு மலருக்கு எழுது" என்றார்கள் எங்கள் சிஸ்டர். படித்தேன். அறிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரண்டு அரசுகள், ஒரே மக்கள்

உங்கள் ஊர்க் கடையில் காலணி வாங்கியபோது கொடுத்த சீட்டை எடுத்துப் பாருங்கள். மத்திய ஜி.எஸ்.டி. என்று ஒரு தொகை, மாநில ஜி.எஸ்.டி. என்று அதே அளவு இன்னொரு தொகை இருக்கும். ஒரு ஜோடிக் காலணிக்கு இரண்டு அரசுகளுக்கு வரி செலுத்துகிறோம். ஒரே மண்ணில், ஒரே மக்கள்மீது இரண்டு அரசுகள் ஆட்சி செய்வதே கூட்டாட்சியின் முதல் அடையாளம்.

அப்படியானால், மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது யார்? மத்திய அரசு என்று நான் எண்ணியதுதான் தவறு. 1950 ஜனவரி 26-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டமே இரண்டு அரசுகளுக்கும் அதிகாரம் கொடுத்தது. அதிகாரப் பங்கீட்டைச் செய்தது மத்திய அரசு இயற்றிய சட்டமன்று, அரசியலமைப்பே என்பதை டாக்டர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25-இல் அரசியல் நிர்ணய சபையில் தெளிவாக விளக்கினார்.

பிரிட்டனோடு ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும். ஸ்காட்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் உண்டு. ஆனால் அது பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1998-இல் இயற்றிய சட்டத்தால் உண்டானது. கொடுத்த பாராளுமன்றமே சட்டப்படி அதை மாற்றவும் முடியும். ஆகவே பிரிட்டன் கூட்டாட்சி நாடு ஆகாது.

மூன்று பட்டியல்கள்

நமது அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் உள்ளன. 1950-இல் மத்தியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 இனங்கள் இருந்தன. பாதுகாப்பு, இரயில்வே, நாணயம், தபால் ஆகியவை மத்திய அரசுக்கு உரியவை. காவல்துறை, பொதுச் சுகாதாரம், விவசாயம் போன்றவை மாநிலத்துக்கு உரியவை. திருமணம், குற்றவியல் சட்டம் முதலியவை பொதுப் பட்டியலில் அடங்கும். எதிலும் சேராதவை மத்திய அரசையே சாரும்.

பொதுப் பட்டியலில் இருவரும் சட்டம் இயற்றலாம். இரண்டும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும். ஆனால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தால், அந்த மாநிலத்தில் மாநிலச் சட்டம் நிற்கும். நமக்குத் தெரிந்த ஜல்லிக்கட்டே இதற்குச் சான்று. தமிழ்நாடு 2017-இல் இயற்றிய சட்டத்துக்கு அந்த ஒப்புதல் கிடைத்தது; 2023-இல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்றது. அதே வழியில், நீட் தேர்விலிருந்து விலக்குக் கேட்டு நமது சட்டசபை 2017-இல் நிறைவேற்றிய இரு மசோதாக்களுக்கும், 2021-இல் நிறைவேற்றிய மசோதாவுக்கும் ஒப்புதல் கிடைக்கவில்லை. டாக்டராக வேண்டும் என்று கனவு காணும் என் அக்காவுக்கு, பொதுப் பட்டியல் என்பது வெறும் பாடமன்று.

பூட்டுக்கு இரண்டு சாவிகள்

இந்தப் பங்கீட்டை ஒருவர் மட்டும் மாற்றிவிடலாமா? முடியாது. இதுவே கூட்டாட்சியின் உயிர்நாடி. பட்டியல்களைத் திருத்தப் பாராளுமன்றத்தின் இரு அவைகளிலும் சிறப்புப் பெரும்பான்மை வேண்டும். அதோடு, மாநிலச் சட்டசபைகளில் பாதிக்குக் குறையாதவை ஒப்புக்கொள்ளவும் வேண்டும்.

பூட்டு இருப்பதால் அது திறக்கவே திறக்காது என்று எண்ணிவிடக் கூடாது. தொடக்கத்தில் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல், அவசரநிலைக் காலத்தில் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. காடுகளும் அவ்வாறே மாறின. கல்வியை மீண்டும் மாநிலப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற குரல் தமிழ்நாட்டில் பலமுறை எழுந்திருக்கிறது. நாடு முழுவதும் கல்வித்தரம் ஒன்றாக இருக்க மத்திய அரசுக்கும் பங்கு வேண்டும் என்பாரும் உண்டு. நாம் உட்கார்ந்திருக்கும் வகுப்பறையைப் பற்றிய விவாதம் இது!

நடுவர் யார்?

இரண்டு பேர் விளையாடினால் ஒரு நடுவர் தேவை. மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் சட்ட உரிமை பற்றி வழக்கு எழுந்தால், 131-ஆவது பிரிவின்படி அது நேரே உச்ச நீதிமன்றத்துக்குச் செல்லும். மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவர 356-ஆவது பிரிவு இடம் தருகிறது. 1994-இல் பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து, அந்த ஆணையையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தார்கள். ஒரு மந்திரிசபைக்குப் பெரும்பான்மை உண்டா என்பதைச் சட்டசபையில்தான் சோதிக்க வேண்டும் என்றும் கூறினார்கள்.

முழு உண்மை

"அப்படியானால் இரண்டும் சரிசமமா, சிஸ்டர்?" என்று கேட்டேன். "மூன்றாவது பிரிவைப் படி" என்றார்கள். மாநிலத்தின் எல்லையையும் பெயரையும் பாராளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையாலேயே மாற்றலாம். மாநிலச் சட்டசபையின் கருத்தைக் கேட்க வேண்டும். ஆனால் அதன்படி நடக்கவேண்டிய கட்டாயம் இல்லை. 2014-இல் ஆந்திரச் சட்டசபை எதிர்த்தும் தெலுங்கானா பிறந்தது. சென்னை மாநிலம் 1969-இல் தமிழ்நாடு என்று பெயர் பெற்றதும், நமது சட்டசபை தீர்மானம் நிறைவேற்றிய பிறகு, பாராளுமன்றச் சட்டத்தின் மூலமே. ஆகவே நமது கூட்டாட்சித் தராசு மத்தியப் பக்கம் சற்றே சாய்ந்தது.

எனினும் சாய்வு வேறு, கீழ்ப்படிதல் வேறு. முன்னே சொன்ன கடைச் சீட்டை மறுபடியும் பாருங்கள். ஜி.எஸ்.டி. மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவுக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மத்திய அரசு தனித்து முடிவெடுக்க முடியாது, மாநிலங்கள் அனைத்தும் ஒன்று சேர்ந்தாலும் மத்திய அரசு இல்லாமல் முடியாது.

தோழியரே, இன்னும் மூன்று ஆண்டுகளில் நாம் வாக்களிப்போம். ஓட்டுக் கேட்டு வருபவரிடம் இரயிலைப் பற்றிக் கேட்பதா, ஆஸ்பத்திரியைப் பற்றிக் கேட்பதா என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டித் தப்பித்துக்கொள்வார்கள்.

அரையாண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. இம்முறை இப்படி எழுதினேன்: "ஒரே மக்களை ஆளும் இரண்டு அரசுகள், அரசியலமைப்பு பங்கிட்டுக் கொடுத்த அதிகாரத்தை, ஒன்றையொன்று கேளாமல் மாற்ற முடியாதபடி வைத்திருப்பது கூட்டாட்சி." இரண்டு மதிப்பெண்ணும் கிடைத்தது. 'கீழ்' என்ற சொல் மட்டும் அதில் இல்லை.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி