கொய்யாக் கன்றுகளுக்குக் கவாத்துச் செய்யும் முறை

இராமநாதபுரம், மண்டபம், இராமேசுவரம் பக்கங்களில் பழமரம் வைக்கும் குடியானவர்களுக்குக் காற்றின் தொல்லை பெரிது. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து கச்சான் வீசுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் புயல் எழுகிறது. 1964-ம் வருஷம் டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததை இக்கரையார் அறிவர். 2018-ம் வருஷம் நவம்பரில் கஜா புயல் தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் தென்னை, மா, பலா மரங்களை வேரோடு சாய்த்தது. அத்தகைய பெரும்புயலைக் கவாத்து தடுக்காது. ஆயினும் வருஷந்தோறும் வீசும் காற்றில் கிளை பிளவாமற் காக்கும். கடன் பெற்று நட்ட மரம் முறிந்தாலும், கடனும் வட்டியும் முறிவதில்லை அன்றோ?

வளரும் கன்றை வெட்டலாமா என்று சிலர் ஐயுறுகின்றனர். உச்சிக் குருத்து உள்ளவரை அது பக்க மொட்டுகளை அடக்கிவைக்கும். கன்று ஒற்றைக் கம்பாக உயரும். மணற்பாங்கான நிலத்தில் வேரின் பிடிப்புக் குறைவாகையால் உயர்ந்த கன்று எளிதில் சாயும். உச்சியைக் கிள்ளினால் பக்க மொட்டுகள் துளிர்க்கும், தண்டும் பருக்கும். செய்ய வேண்டியவை பின்வருமாறு:

1. நட்டவுடன் ஊன்றுகோல் நாட்டித் தளர்வாகக் கட்டுக. ஒட்டுக்கன்றாயின் ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களை அவ்வப்போது நீக்குக.

2. கன்று 2 அடிக்கு மேல் வளர்ந்ததும் அவ்வளவில் உச்சியை வெட்டுக.

3. தரையிலிருந்து 1 அடி வரை தண்டு வெறுமையாயிருக்கட்டும். அதற்குமேல் வெவ்வேறு திசை நோக்கிய 3 அல்லது 4 கிளைகளை, நாலு விரற்கடை இடைவிட்டு வைத்துக்கொண்டு மற்றவற்றை அகற்றுக. தண்டோடு ஒட்டி நெருங்கி எழும் கிளை ஆகாது. அதன் கவட்டில் பட்டை அகப்பட்டுக்கொள்வதால் பிடிப்பு உறுதிப்படாது. காய்ப் பாரத்தில் பிளந்துவிடும்.

4. மூன்று நான்கு மாதங்களில் இக்கிளைகள் முற்றியதும் நீளத்திற் பாதியை வெட்டுக. அதிலிருந்து வரும் கிளைகளே மரத்தின் சட்டமாகும்.

கொய்யா புதுத் துளிரிற் பூப்பதாகையால், காய்க்கும் மரத்திலும் மாசி, பங்குனியிலும் புரட்டாசியிலும் நுனிகளை அரை அடி அளவுக்கு வெட்டலாம். மாமரமோ முற்றிய கிளையின் நுனியிற் பூப்பது. அதனை அறுவடை முடிந்தவுடன் வெட்டாமல், பூக்குமுன் வெட்டினால் அவ்வருஷப் பலன் போய்விடும்.

கூரிய கத்தரியால் சாய்வாக வெட்டுக. அரிவாள் பட்டையைக் கிழிக்கும். பெரிய வெட்டுவாயில் போர்டோ பசை பூசுக. மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர் இதற்குப் போதும். துத்தத்தையும் சுண்ணாம்பையும் மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரங்களில் தனித்தனியே கரைத்துக் கலக்குக. இரும்புப் பாத்திரம் உதவாது.

நல்ல கத்தரி ஒன்றை ஒவ்வொருவரும் தனியே வாங்க வேண்டுவதில்லை. பத்துக் குடியானவர் சேர்ந்து வாங்கி முறைவைத்துப் பயன்படுத்தலாம். நோயுற்ற மரத்தில் வெட்டிய கத்தரியைத் துடைத்துச் சுத்தி செய்யாமல் அடுத்தவர் தோட்டத்திற்கு அனுப்பலாகாது. கூட்டு முயற்சியில் நன்மை பொதுவாவதுபோல் அசிரத்தையின் கேடும் பொதுவாகிவிடும்.