எஸ்-4 பெட்டி, 37-ம் எண் படுக்கை

அத்திப்பட்டு

அன்புள்ள மலர்,

கரக்பூர் ஐஐடியில் உனக்கு இடம் கிடைத்ததை அம்மா போனில் சொன்னாள். ரொம்ப சந்தோஷம். விமானத்தில் அனுப்பிவிடலாமா என்று அப்பா யோசிக்கிறாராம். முதல் பயணத்தையாவது கோரமண்டல் எக்ஸ்பிரஸில், ஸ்லீப்பர் வகுப்பில் போ என்பேன் நான். தினமும் காலையில் நம் ஸ்டேஷனில் நிற்காமல் பறக்கிறதே, அதே வண்டிதான். 1977 முதல் ஓடுகிறது. முன்பு ஹவுரா வரை போனது, இப்போது ஷாலிமாரோடு நின்றுவிடுகிறது. மொத்தம் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். கரக்பூர் அதற்குக் கொஞ்சம் முன்னால்.

முதலில் டிக்கெட். 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கிறது. அன்று காலையிலேயே போட்டுவிடு. ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு, அதையும் பார். ஆர்ஏசி வந்தால் பயப்படாதே. சைடு லோயரில் இன்னொருவரோடு உட்கார்ந்தாவது போகலாம். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் பெட்டியில் ஏறவே உனக்கு உரிமையில்லை.

படுக்கை எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பார். 1, 4 லோயர். 2, 5 மிடில். 3, 6 அப்பர். 7 சைடு லோயர். மீதியே இல்லாவிட்டால் சைடு அப்பர். உனக்கு எஸ்-4 பெட்டியில் 37 என்று வந்தால் மீதி 5, அதாவது மிடில். அது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரைதான் உனக்குப் படுக்கை. அதைத் தூக்கிச் சங்கிலியில் மாட்டிவிட்டால் கீழே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்கார முடியாது. பகலில் மூன்று பேருக்கும் லோயர்தான் பெஞ்சு. லோயர்காரர் வயதானவராக இருந்து சீக்கிரம் படுக்க ஆசைப்பட்டால், நேரத்தைச் சொல்லி வாதாடாமல் ஒரு அரை மணி முன்னதாகவே உன் பலகையைத் தூக்கிவிடு.

பலகை என்றது பழக்கதோஷம். ஒரு காலத்தில் இரண்டாம் வகுப்பில் வெறும் மரப்பலகைதான். மது தண்டவதே ரயில்வே அமைச்சராக இருந்த 1977–79 காலத்தில்தான் அதன்மேல் இரண்டு அங்குல ஃபோம் மெத்தை வந்தது. அதற்கு முன்பு முதல் வகுப்புக்காரர் மட்டும் அனுபவித்த சுகம் அது. ஏசி பெட்டி எத்தனை வந்தாலும் கோடிக்கணக்கானவர்கள் முதுகு வலிக்காமல் ஊர் போய்ச் சேருவது அந்த இரண்டு அங்குலத்தால்தான்.

விடியற்காலை மின்சார ரயிலைப் பிடித்து மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில் இறங்கு. சென்ட்ரல் ஒட்டினாற்போல் இருக்கிறது. பெட்டியைக் கட்ட லோயருக்கு அடியில் வளையம் இருக்கும். சங்கிலியும் பூட்டும் எடுத்துக்கொள். முதல் நாளுக்குப் புளிசாதம் போதும். செருப்பை இரவில் சீட்டுக்கு அடியில் உள்ளே தள்ளி வை.

பகல் முழுக்க ஆந்திரா. தூங்கிவிடாதே. நெல்லூரில் பெண்ணாறு, விஜயவாடாவில் கிருஷ்ணா, பிற்பகலில் ராஜமந்திரிக்குச் சற்று முன்னால் கோதாவரி. அங்கே மட்டும் எப்படியாவது ஜன்னலைப் பிடி. பாலத்தின் நீளம் மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. பக்கத்தில் பழைய ஹேவ்லாக் பாலம் தெரியும். ஏறக்குறைய நூறு வருஷம் உழைத்து 1997-ல் ஓய்வு பெற்றது. இரவு விசாகப்பட்டினத்தில் வண்டி வந்த வழியே திரும்பிப் போவதுபோல் தெரியும். தண்டவாளம் அங்கே முட்டி நிற்கிறது, அதனால் என்ஜினைக் கழற்றி மறு முனையில் மாட்டுவார்கள். அதுவரை முன்னோக்கிப் போனவர்கள் இனிமேல் பின்னோக்கிப் போவார்கள், அவ்வளவுதான்.

அதன்பின் ஒடிசா. கட்டாக்கில் மகாநதிப் பாலம் வரும்போது சக்கரத்தின் சத்தம் மாறி ஒருவேளை விழிப்பு வரலாம். அந்த மாநிலத்துக்கும் நமக்கும் பழைய பந்தம். தால்சேர் சுரங்கத்து நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்குப் போய், கப்பலேறி எண்ணூரில் இறங்கி, நம் வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. நீ ராத்திரி படிக்கப் போட்ட விளக்கில் அதற்கும் பங்குண்டு.

நிலக்கரி கப்பலில் வருகிறது. ஆட்கள் இந்த ரயிலில்தான் வருகிறார்கள். வல்லூர், காட்டுப்பள்ளி, மீஞ்சூர் பக்கம் ஒப்பந்த வேலை பார்க்கும் ஒடிசா, வங்காளப் பையன்களைத் தினமும் பார்க்கிறாய். பலருக்கும் முன்பதிவில்லாப் பெட்டிதான் கதி. 2023 ஜூன் 2 மாலை, பாலசோரை அடுத்த பஹாநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் சிக்னல் கோளாறால் லூப் லைனுக்குள் புகுந்து, நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். முன்பதிவில்லாப் பெட்டியில் வந்தவர்களின் பெயர் எந்தச் சார்ட்டிலும் இல்லை. அடையாளம் தெரியாத சில உடல்களைப் புவனேஸ்வர் எய்ம்ஸில் மாதக்கணக்கில் வைத்திருந்து டிஎன்ஏ சோதனை செய்ய வேண்டியிருந்தது. உனக்கு எண் போட்ட படுக்கை கிடைப்பது சொகுசுக்காக மட்டுமல்ல. இன்னார் இங்கே இருக்கிறார் என்று ஒரு தாளில் எழுதியிருக்கிறது. பெட்டி எண்ணையும் படுக்கை எண்ணையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஏறு. அடையாள அட்டை பையில் வேண்டாம், உடம்போடு இருக்கட்டும்.

உன் பெஞ்சில் டிக்கெட் இல்லாத ஒருவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். பகலில் கொஞ்சம் நகர்ந்து கொடு. இரவு உன் படுக்கையை நீ கேட்டு வாங்கு, அதில் கூச்சப்படாதே. தொந்தரவு என்றால் டிடிஇயிடம் சொல், இல்லையேல் 139-க்குப் போன் போடு. இரக்கமும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டவர்கள்தான் ரயிலில் சங்கடப்படுகிறார்கள்.

விமானத்தில் போனால் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாய். ஆனால் நம் தெருவில் வாடகைக்கு இருக்கிறவர்கள் எவ்வளவு தூரம், எப்படி உட்கார்ந்து வந்தார்கள் என்பது தெரியாமலே போய்விடும்.

தீபாவளிக்கு வர இப்போதே நாள் எண்ணி வை. துர்கா பூஜைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். சென்ட்ரலில் இறங்கியதும், தோளில் பையோடு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் யாராவது மீஞ்சூரோ அத்திப்பட்டோ கேட்டு நிற்பார்கள். கையை மட்டும் நீட்டிக் காட்டிவிட்டு வந்துவிடாதே. மூர் மார்க்கெட் டிக்கெட் கவுண்டர் வரை கூட்டிப் போ. நீயும் அதே வண்டியில்தானே வரப்போகிறாய்.

அன்புடன்,
மாமா