உறக்கமும் காலை வெளிச்சமும்

வகுப்பில் ஆசிரியர் வினா எழுப்பும்போது விடை தெரியாது விழிக்கும் மாணவரைக் ‘கவனமில்லாதவர்’ என்று பலர் எளிதில் கூறிவிடுவர். அவர் முந்தைய இரவு எத்தனை மணி நேரம் உறங்கினார் என்று கேட்போர் சிலரே.

13 முதல் 18 வயது வரை உள்ளோர் நாள்தோறும் 8 முதல் 10 மணி நேரம் உறங்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. உறக்கம் குறைந்தால் ஊன்றிக் கவனிக்கும் ஆற்றல் தளரும். படித்தவை நினைவில் நன்கு பதியவும் உறக்கம் உதவுகிறது. எனவே, இரவெல்லாம் கண்விழித்துப் படித்த பாடம் மறுநாள் தேர்வில் எளிதில் மறந்துபோகும்.

பதின்பருவத்தினர் தாமதமாக உறங்குவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமன்று. மனித உடலுக்குள் ஒரு கடிகாரம் இயங்குகிறது. அது இயங்கும் முறையைக் கண்டறிந்த அமெரிக்க அறிவியலாளர் மூவர் 2017ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு பெற்றனர். பதின்பருவத்தில் இக்கடிகாரம் சற்றுப் பின்தங்குகிறது. உறக்கத்திற்கு உதவும் மெலடோனின் என்னும் இயக்குநீர் இரவில் தாமதமாகச் சுரக்கிறது. கைப்பேசியின் ஒளி அதனை மேலும் தாமதப்படுத்துகிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரம் காலை 7.50 மணியிலிருந்து 8.45 மணிக்கு மாற்றப்பட்டது. அதன்பின் மாணவர்கள் நாள்தோறும் ஏறத்தாழ 34 நிமிடம் கூடுதலாக உறங்கியதை ஆய்வாளர்கள் கண்டனர்.

பள்ளி நேரத்தை மாற்றுவது மாணவரால் இயலாது. காலையில் சிறிது நேரம் வெளியே செல்வது இயலும். வகுப்பறையின் வெளிச்சம் பெரும்பாலும் சில நூறு லக்ஸ் அளவே இருக்கும். திறந்தவெளியிலோ பகல் வெளிச்சம் 10,000 லக்ஸையும் தாண்டும். காலையில் பெறும் அவ்வொளி உடற்கடிகாரத்தை முன்னே நகர்த்தி, இரவில் உரிய நேரத்தில் உறக்கம் வரச் செய்கிறது. மரங்கள் நிறைந்த பூங்காவில் 20 நிமிடம் நடந்த பின், கவனக்குறைபாடு உடைய சிறுவர்கள் நகரத் தெருவில் நடந்தபோதைவிட நன்கு மனம் ஒன்றினர் என 2009ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு கூறுகிறது.

கவனக்குறைபாடு உடையோர்க்கு மருத்துவரின் துணை தேவை. உறக்கமும் வெளிச்சமும் சிகிச்சைக்கு மாற்றாகா. ஆயினும், ஒருவரைக் கவனமற்றவர் எனத் தீர்மானிக்கும் முன், அவருடைய இரவையும் காலையையும் அறிந்துகொள்வதே முறை.

சொற்பொருள்
ஊன்றி – ஆழ்ந்து
இயக்குநீர் – ஹார்மோன்
லக்ஸ் – வெளிச்சத்தை அளக்கும் அலகு

பிரித்து எழுதுக
1. அவ்வொளி
2. திறந்தவெளியிலோ

வினாக்கள்
1. பதின்பருவத்தினர் தாமதமாக உறங்குவது ஏன்?
2. காலை வெளிச்சம் உடற்கடிகாரத்திற்கு எவ்வாறு உதவுகிறது?
3. ஒரு வாரம் நீங்கள் உறங்கிய நேரத்தையும் வெளியில் கழித்த நேரத்தையும் அட்டவணைப்படுத்துக. அதைக் கொண்டு ஐந்து வரிகள் எழுதுக.