சார்பிற்றோற்றமும் நாம் விடும் மூச்சும்

படைத்தவர் ஒருவர் இல்லையெனில், உயிர்கள் வாழ்தற்கு இத்துணைப் பொருத்தமாக உலகை அமைத்தவர் யார்? தம்மத்தைப் புதிதாகத் தழுவியோரை உறவினரும் அயலாரும் மடக்கிக் கேட்கும் வினா இது. இதற்குரிய விடையைப் பாறைகளிடத்திலேயே பெறலாம்.

சாரிபுத்த தேரர், மகாகொட்டித தேரருக்குச் சார்பிற்றோற்றத்தை விளக்குகையில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும் இரண்டு நாணற்கட்டுகளை உவமை கூறினார். ஒன்றை உருவினால் மற்றதும் வீழும். அவர் விளக்கியது விஞ்ஞானத்தையும் நாமரூபத்தையும். (ஈண்டு விஞ்ஞானம் என்பது உணர்வு, பள்ளியிற் கற்கும் விஞ்ஞானம் அன்று.) ஆயினும் அவ்வுவமை பூமிக்கும் உயிர்க்கும் நன்கு பொருந்தும்.

பூமி தோன்றி ஏறக்குறைய 454 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதன் முற்பாதியில் காற்றிலே பிராணவாயு இல்லை எனலாம். கடலில் வாழ்ந்த நீலப்பசும்பாசி என்னும் நுண்ணுயிர், வெயிலைக் கொண்டு தன் உணவை ஆக்கி, பிராணவாயுவைக் கழிவாக வெளிவிட்டது. அக்கழிவு நெடுங்காலம் காற்றிலே தங்கவில்லை. கடல்நீரிற் கரைந்திருந்த இரும்போடு கூடித் துருவாகிப் படிந்தது. அக்காலத்து இரும்பு வரிப்பாறைகளை மேற்கு ஆஸ்திரேலியாவின் ஹாமர்ஸ்லி மலைகளிலும், கர்நாடகத்துச் சந்தூர் மலைகளிலும் இன்றும் காணலாம். நம் வீட்டுத் தோசைக்கல்லும் அத்தகைய பாறையின் இரும்பாக இருத்தல் கூடும்.

ஏறக்குறைய 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வாயு காற்றில் தங்கத் தொடங்கிற்று. பெயரோ பிராணவாயு, அன்றிருந்த உயிர்கள் பலவற்றிற்கோ அது நஞ்சு! அதனைத் தாங்க மாட்டாத நுண்ணுயிர்கள் இன்றும் வயற்சேற்றினடியிலும் மாட்டின் இரைப்பையிலும் ஒதுங்கி வாழ்கின்றன. பிராணவாயுவினின்று ஓசோன் படலம் உண்டாகி, சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுத்தது. ஏறக்குறைய 47 கோடி ஆண்டுகளுக்கு முன் செடிகள் கரையேறின. பின்னர் அவை ஆழ வேரூன்றிப் பாறையைச் சிதைத்தன; மண் பெருகிற்று; காற்றிலிருந்த கரியமிலவாயு குறைந்தது. உயிர் மாற்றிய பூமி, மீண்டும் உயிரை மாற்றிற்று.

ஆகவே, கேட்ட வினாவே பொருந்தாததாகிறது. உலகு நமக்கென அமைக்கப்படவில்லை. முன்னோர் உயிரின் கழிவிலே வாழத்தக்க உடலோடு நாம் உண்டானோம். சாய்ந்து நிற்கும் கட்டுகளுக்கு நடுவே, தாங்கும் கை ஒன்றைத் தேடுவானேன்?

இன்னொன்றும் கருதத்தக்கது. சேதனையே வினை என்பது பகவானின் போதனை. பாசிக்குச் சேதனை இல்லை. ஆதலின் அது காற்றை மாற்றியது வினையாகாது. 1750-ஆம் ஆண்டையொட்டிப் பத்து லட்சத்தில் 280 பங்களவில் இருந்த கரியமிலவாயு, நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தும் காடுகளை அழித்தும் வந்ததனால் இன்று 420 பங்கினைக் கடந்துள்ளது. எரிப்போர் இதனை அறிந்தே எரிக்கின்றனர்.

பன்னிரு நிதானங்களுள் முதலாவதாகிய பேதைமையை அடுத்த பாடத்தில் எடுத்துக்கொள்வோம்.