வாடிக்கையாளர் பதிவேடும் அலுவலக நாட்காட்டியும்: இணைக்கும் முன் அறிய வேண்டியவை

ஹைதராபாத்தின் ஜீடிமெட்லாவில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். லண்டன் வாடிக்கையாளர் விலை கேட்டு எழுதிய மடல் ஓர் ஊழியரின் மின்னஞ்சலில் இருக்கிறது. அவருடன் பேசக் குறித்த நேரம் மற்றோர் ஊழியரின் நாட்காட்டியில் இருக்கிறது. சென்ற முறை அளித்த தள்ளுபடியோ வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளில் பதிவாகியுள்ளது. இவற்றுள் ஒருவர் விடுப்பில் சென்றாலும் வணிகம் தடுமாறும். இம்மூன்றையும் இணைப்பதால் பயன் உண்டு. கவனமின்றி இணைத்தால் இழப்பும் உண்டு.

இணைப்பு இயங்கும் முறை எளிது. மென்பொருள் ஒவ்வொரு மடலின் முகவரியையும் தன் பதிவேட்டுடன் ஒப்பிட்டு, உரிய வாடிக்கையாளரின் பெயரில் அம்மடலைச் சேர்க்கிறது. எனவே, ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு முகவரிகள் இருப்பின் இரண்டு பதிவுகள் தோன்றக்கூடும். இணைக்கும் முன்னரே பதிவேட்டைச் சீர்செய்வது நன்று.

நாட்காட்டிகள் தமக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள உதவும் ஐகேலண்டர் என்னும் பொது வடிவம் 1998ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தன் இந்திய மென்பொருள் மேம்பாட்டு மையத்தை ஹைதராபாத்தில் தொடங்கியதும் அவ்வாண்டிலேயே. அயல்நாட்டுச் சந்திப்புகளைக் குறிக்கும்போது நேர மண்டலத்தையும் குறிப்பிட வேண்டும். லண்டனில் மாலை 4 மணி என்பது குளிர்காலத்தில் நமக்கு இரவு 9.30, கோடைக்காலத்தில் 8.30. மண்டலத்தைக் குறித்துவிட்டால் இம்மாற்றத்தை நாட்காட்டியே கணக்கிட்டுக்கொள்ளும்.

அடுத்து, தகவல் செல்லும் திசையை முடிவு செய்ய வேண்டும். இருவழி இணைப்பில் ஓரிடத்தில் அழித்தது மறு இடத்திலும் அழியலாம். தொடக்கத்தில் ஒருவழியாகவும், ஓரிரு ஊழியர்களின் கணக்குகளில் மட்டுமாகவும் சோதித்துப் பார்ப்பதே பாதுகாப்பு. ஊழியர்களின் சொந்தச் சந்திப்புகள் பொதுப் பதிவேட்டில் சேராதவாறும் அமைக்க வேண்டும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், நோக்கத்திற்குத் தேவையான தரவை மட்டுமே கையாளுமாறு வலியுறுத்துகிறது.

மிக முக்கியமானது அனுமதி. மின்னஞ்சலின் கடவுச்சொல்லை எந்த மென்பொருளுக்கும் அளிக்கலாகாது. 2012இல் வெளியான ஓஆத் 2.0 முறையில் கடவுச்சொல்லுக்கு மாற்றாக, வரம்புக்குட்பட்ட அனுமதிச் சீட்டு ஒன்று வழங்கப்படுகிறது. நாட்காட்டியைப் படிக்க மட்டும் தேவையெனில், மடல் அனுப்பும் அனுமதி எதற்கு? மேலும், கடவுச்சொல்லை மாற்றினாலும் சில அனுமதிகள் நீடிக்கக்கூடும். அவற்றைத் தனியே நீக்க வேண்டும்.

இதில் வங்கி வாடிக்கையாளர்களாகிய நமக்கு என்ன அக்கறை? அஞ்சல்பெட்டிக்குள் நுழைந்த மோசடியாளர், பட்டியல் அனுப்பும் நாளையும் தொகையையும் அறிந்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று உரிய தருணத்தில் எழுதுவார். அத்தகைய மடல் வந்தால், முன்பே நம்மிடம் உள்ள தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்த பின்னரே பணம் அனுப்ப வேண்டும். வங்கியின் பெயரில் வரும் இணைப்புகளிலும் விழிப்பு தேவை. இந்திய வங்கிகளுக்கென இந்திய ரிசர்வ் வங்கி 2025இல் அறிவித்த '.பேங்க்.இன்' தள முகவரிகளைப் பதிவு செய்யும் பொறுப்பு, ஹைதராபாத்தில் 1996இல் நிறுவப்பட்ட ஐடிஆர்பிடி நிறுவனத்திடம் உள்ளது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

மாதம் ஒருமுறை இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்ப்போம். பயன்படாதவற்றை நீக்குவோம். பணியிலிருந்து விலகும் ஊழியரின் அனுமதிகளை, அவர் விலகும் நாளிலேயே முடித்துவைப்போம். கடையைப் பூட்டிச் சாவியைச் சரிபார்ப்பது போன்ற வழக்கமே இதுவும்.